புழுவுக்கும் மோட்சம் உண்டா? - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துல சின்ன கிளாஸ் படிக்கிற பிள்ளைங்க, வாரத்துல ஒரு மத்தியானம் தோட்டத்துலயோ மரத்தடியிலயோ பாடம், அதோட ஜெபம், போதாக்குறைக்கு மனநலம்னு ஒரு பீரியட். இதெல்லாம் எதுக்கு, நல்லதா கெட்டதான்னு அம்மா, அப்பா, தாத்தா, டீச்சர்னு ஆளாளுக்கு எழுதியிருக்கீங்க. நான் 28 வருஷம் இந்த மாதிரி ஸ்கூல்ல ரெண்டாங்கிளாசும் மூணாங்கிளாசும் எடுத்தவ, அதனால சில பதில் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க. ஒரு குட்டிப் பையன் எழுதின லெட்டரை கடைசிக்கு வச்சிருக்கேன்.

கேள்வி: என் மக ரெண்டாங்கிளாஸ். வாரம் ஒரு மத்தியானம் முழுக்க வெளிய கூட்டிட்டுப் போயிடறாங்க, குச்சி பொறுக்கறது, இலை பாக்கறது, மண்ணைத் தோண்டறது. கேட்டா "இதுவும் பாடம்தான், இதுவும் விசுவாசம்தான்"னு சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே புரியல. அவளுக்கு இன்னும் சரளமா வாசிக்கவே வரல, இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா? - ஒரு அம்மா

பதில்: உங்க கோவம் எனக்கு நல்லாவே புரியுது, ஏன்னா எங்க ஸ்கூல்ல இதை ஆரம்பிச்சப்போ முதல்ல எதிர்த்தவளே நான்தான். ஸ்டாஃப் மீட்டிங்ல எழுந்து "போர்ஷன் யாரு முடிக்கிறது"ன்னு கேட்டேன். கேட்டுட்டு, வேற வழியில்லாம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன், போன முதல் நாளே ஒரு பெரிய தப்பும் பண்ணேன், அதைச் சொல்லிட்டு உங்க கேள்விக்கு வர்றேன்.

மரத்தடிக்குப் போனோம். போன உடனே நான் கையைத் தட்டி "எல்லாரும் மரத்தைப் பாருங்க, இது யார் படைச்சது, கடவுள் படைச்சது, வாங்க நன்றி சொல்லலாம்"னு ஆரம்பிச்சிட்டேன். ஒரு பையன் மட்டும் குத்துக்கால் போட்டு உக்காந்து எறும்பு வரிசையைப் பாத்துட்டிருந்தான், ஒரு எறும்பு தன்னை விடப் பெரிய ஒரு சிறகை இழுத்துட்டுப் போகுது, இவன் மூச்சு கூட விடாம பாக்கறான். நான் போய் தோளைப் பிடிச்சுத் திருப்பி "கை கூப்பு"ன்னேன். கூப்பினான் பாவம். ஆனா கண்ணு எறும்பு மேலதான். அன்னிக்கு அந்த முப்பது பேர்ல உண்மையா ஜெபத்துக்குப் பக்கத்துல இருந்தது அவன் ஒருத்தன்தான், அவனைத்தான் நான் கலைச்சு விட்டேன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

அதனால "இதுவும் விசுவாசம்தான்"னு ஸ்கூல்ல சொன்னா, ஒவ்வொரு இலைக்கும் ஒரு வசனம் ஒட்டி விடறாங்களான்னு பாருங்க. அப்படி ஒட்டினா அது வெளியில நடக்கிற இன்னொரு மறைக்கல்வி கிளாஸ், அவ்ளோதான். பிள்ளையைக் கொஞ்ச நேரம் சும்மா பாக்க விட்டு, அதுவா ஒரு கேள்வியோட வந்து நிக்கிற வரைக்கும் டீச்சர் வாயை மூடிட்டு இருந்தா, அப்போ அவங்க சொல்றதுல அர்த்தம் இருக்கு. "காட்டுமலர்ச் செடிகள் எப்படி வளருதுன்னு கவனிங்க"ன்னு இயேசு சொன்னது மத்தேயு 6-ம் அதிகாரத்துல இருக்கு, கவலைப்படாதீங்கங்கற பாடத்தைச் சொல்ற இடத்துலயே, கவனிங்கன்னும் சொல்றார். நம்ம டீச்சர்மாருங்க கவனிக்கறதைத் தாண்டிக் குதிச்சு நேரா பாடத்துக்குப் போயிடறோம்.

இப்போ படிப்பு விஷயம். இது நேத்து முளைச்ச ஃபேஷன் இல்லைங்க. ஜெர்மனியில ஃப்ரோபெல்னு ஒருத்தர் 1837-ல சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு இடம் ஆரம்பிச்சு 1840-ல அதுக்கு வச்ச பேர்தான் கிண்டர்கார்டன், அதுக்கு அர்த்தமே குழந்தைகள் தோட்டம். வெறும் பேருக்கு இல்ல, அங்க நிஜமாவே பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மாவைத் தெரியாதவங்க கம்மி, டாக்டருக்குப் படிச்சவங்க, 1907-ல ரோம்ல ஏழைப் பிள்ளைங்களுக்காக முதல் பள்ளியைத் தொடங்கினாங்க. அவங்க கத்தோலிக்கர்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. பார்சலோனாவுல அவங்க முறையில நடந்த பள்ளியில பிள்ளைங்களே கோதுமை விதைச்சு, திராட்சைக்கொடி வச்சு வளர்த்தாங்க, எதுக்குன்னா பூசையில வைக்கிற அப்பத்துக்கும் ரசத்துக்கும். பாருங்க, ஒரு பிள்ளை விதைச்ச கோதுமை பீடத்துக்குப் போகுதுன்னா அதுக்கு மேல நற்கருணையைப் பத்தி போர்டுல எழுதி என்னத்தை விளக்கறது!

அப்புறம் மெண்டல். பையாலஜில பட்டாணிச் செடி வச்சு நம்மளை வாட்டினாரே, அவரேதான், அகுஸ்தீனார் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்துல 1856-ல ஆரம்பிச்சு ஒரு எட்டு வருஷம், கிட்டத்தட்ட 28,000 செடி, உருண்டையா சுருக்கமா பச்சையா மஞ்சளான்னு உக்காந்து எண்ணினாரு. அதுல ஜெபம் எது, சயின்ஸ் எதுன்னு அவர் பிரிச்சிருப்பாருன்னு நான் நினைக்கல.

ஆனா உங்க பொண்ணுக்கு வாசிக்க வரலங்கறது நியாயமான கவலை, அதை மூடி மறைக்க மாட்டேன். டீச்சர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, வெளிய போயிட்டு வந்து பிள்ளைங்க என்ன எழுதினாங்க, என்ன அளந்தாங்கன்னு. என் கிளாஸ்ல அவரை விதை போட்டு திங்கக்கிழமை திங்கக்கிழமை ஸ்கேல் வச்சு அளப்போம், போன வாரத்தை விட எவ்ளோ கூடுதல்னு கழிச்சுப் பாப்போம். கழித்தல் கணக்குன்னாலே அழற பொண்ணு "என் செடி இந்த வாரம் 4 சென்டிமீட்டர் கூடுதல், மிஸ்"னு ஓடி வரும், அது கழித்தல்னு அதுக்கே தெரியாது. போர்டுல இருக்கிறதைப் பாத்து எழுதவே அரை மணி நேரம் எடுக்கிற பையன், நத்தையைப் பத்தி ஒரு பக்கம் எழுதினான், பூராவும் ஸ்பெல்லிங் தப்பு, ஆனா ஒரு பக்கம்! சொல்றதுக்கு ஒண்ணு இருந்தாத்தான் எழுத கை வரும். இதெல்லாம் ஒண்ணுமே நடக்கல, கூட்டிட்டுப் போயி குச்சி பொறுக்கி கூட்டிட்டு வர்றாங்க, அவ்ளோதான்னா நீங்க தாராளமா சண்டை போடுங்க, நான் உங்க பக்கம்.

கேள்வி: நாங்க வேற மதம். நல்ல ஸ்கூல்னு பையனைச் சேத்தோம். இப்போ தோட்டத்துல வகுப்பு முடிஞ்சா ஒரு பாட்டு பாடறாங்களாம், அதுல சூரியன் அண்ணனாம், நிலா அக்காவாம், தண்ணி தங்கச்சியாம். வீட்டுல வந்து அதையே பாடறான். மதம் மாத்தப் பாக்கறாங்களோன்னு என் அப்பாவுக்கு ஒரே டென்ஷன். - ஒரு அப்பா

பதில்: அந்தப் பாட்டோட கதையைச் சொன்னா உங்க அப்பாவுக்கே அது பிடிச்சுப் போகலாம். இத்தாலியில அசிசி நகரத்து பிரான்சிஸ்னு ஒரு துறவி பாடினது, கிட்டத்தட்ட 1225-ல, அப்போ அவருக்கு உடம்பு சுத்தமா முடியல, கண்ணு பார்வை போயிட்டிருக்கு, வெளிச்சம் பட்டாலே வலி உயிர் போகுது. அந்த நிலைமையில ஒரு மனுஷன் சூரியனைத் திட்டியிருந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, இவர் என்னடான்னா சூரியனை அண்ணன்னு கூப்பிட்டுப் பாட்டு கட்டறாரு, அதுவும் லத்தீன்ல இல்ல, ஊரு சனங்க பேசற பாஷையில. 1226-ல சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சாவையும் சகோதரின்னு சொல்லி ஒரு சரணம் சேத்துட்டுத்தான் கண்ணை மூடினாரு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல சுற்றுச்சூழல் பத்தி எழுதின திருமடலுக்கு 'லவுதாத்தோ சி'ன்னு பேர் வச்சாரே, உமக்குப் புகழ்னு அர்த்தம், அது இந்தப் பாட்டுல வர்ற வரிதான். அந்த மடலையே இந்த உலகத்துல வாழற ஒவ்வொரு மனுஷருக்கும்னு சொல்லித்தான் எழுதியிருக்காரு, கத்தோலிக்கருக்கு மட்டும்னு இல்ல.

அதனால பாட்டைப் பத்தி பயம் வேண்டாம். மத்தபடி உங்க அப்பாவோட சந்தேகத்தை நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன், கேக்க வேண்டியதைக் கேக்கணும். மத விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 1965-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கமே, அதாவது கத்தோலிக்க ஆயர்கள் கூடின பெரிய மாநாடே, தனியா ஒரு அறிக்கை போட்டிருக்கு, அது அவங்க சொந்த சட்டம் மாதிரி. நேரா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போயி, ஜெபம் சொல்றப்போ என் பையன் மரியாதையா அமைதியா நின்னா போதுமா, சொல்லலைன்னா அவனைத் தனியா ஒதுக்குவீங்களான்னு கேளுங்க. முகத்தைச் சுளிக்காம பதில் சொன்னா நல்ல ஸ்கூல். இன்னொண்ணு, பையன் வீட்டுல பாடறப்போ "நிறுத்து"ன்னு சொல்லாதீங்க, உங்க வழியில சூரியனைப் பத்தி என்ன சொல்லுவீங்களோ அதை அவனை உக்கார வச்சு சொல்லுங்க. ஸ்கூல் ஒரு கதை சொல்லி வீடு சும்மா இருந்தாத்தான் பிள்ளை குழம்பும்.

கேள்வி: பேரப்பிள்ளை வாரா வாரம் சேறும் சகதியுமா வர்றான். மழையிலயும் வெளியில விடறாங்க. சளி பிடிச்சா யார் பொறுப்பு? - ஒரு தாத்தா

பதில்: ஐயா, சளியைக் கொண்டு வர்றது வைரஸ், மழை இல்ல. அது ஜன்னலைச் சாத்திட்டு முப்பது பேர் நெருக்கி உக்காந்திருக்கிற ரூம்லதான் இன்னும் சுலபமா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகும். நனைஞ்ச துணியோட ரொம்ப நேரம் இருக்க வேண்டாம், அதுக்கு மாத்து துணி ஒரு செட், பழைய பூட்ஸ், ரெயின்கோட் பையில வச்சு அனுப்புங்க. டெட்டனஸ் ஊசி போட்டாச்சான்னு பாருங்க, தேனீ கொட்டினா ஒத்துக்காத பிள்ளைன்னா அதை ஸ்கூல்ல எழுத்துல குடுங்க. இடி மின்னல்னா உள்ள கூட்டிட்டு வந்துடறாங்களான்னு கேளுங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும். மிச்ச சேறு துவைச்சா போயிடும்.

கேள்வி: நான் புதுசா வேலைக்குச் சேந்த டீச்சர். என் கிளாஸ்ல காலையில வந்த உடனே அழற பிள்ளைங்க ரெண்டு மூணு பேர், வயித்து வலின்னு சிக்ரூம்ல போய் படுக்கற பிள்ளை ஒண்ணு. மேனேஜ்மென்ட்ல "நாம கத்தோலிக்க ஸ்கூல், ஜெபம் சொல்லிக் குடுங்க, எல்லாம் சரியாகும், தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, மனசு லேசாகும்"னு சொல்றாங்க. எனக்கு என்னமோ அது மட்டும் போதாதுன்னு தோணுது. அப்படி நினைக்கறது விசுவாசக் குறைவா?

பதில்: இல்லம்மா, குறைவே இல்ல. எலியா கதையை எடுத்துப் பாரு, 1 அரசர்கள் 19. பெரிய இறைவாக்கினர், அந்த மனுஷன் பயந்து ஓடி பாலைவனத்துல ஒரு சூரைச் செடிக்கு அடியில விழுந்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கும்"னு சொல்றாரு. இன்னிக்கு நம்ம ஸ்டாஃப்ரூமா இருந்தா "உனக்கு விசுவாசம் பத்தல"ன்னு ஒரு லெக்சர் வந்திருக்கும். அங்க வந்த தூதர் ஒரு வார்த்தை புத்தி சொல்லல. தட்டி எழுப்பி சாப்பிடுங்கறாரு. எலியா சாப்பிட்டுட்டு திரும்பவும் தூங்கறாரு. தூதர் மறுபடியும் எழுப்பி சாப்பாடு குடுக்கறாரு, "பயணம் நீளமா இருக்கு"ங்கறாரு. அதுக்கப்புறம் நாப்பது நாள் நடந்து போய்த்தான் மலையில அந்த மெல்லிய ஒலியைக் கேக்கறாரு. தூக்கம், சாப்பாடு, நடை, அப்புறம்தான் ஆண்டவரோட பேச்சு, இந்த வரிசையை நம்ம ஆளுங்க தலைகீழா மாத்திட்டாங்க.

அந்த வயித்துவலிப் பிள்ளையை இப்படியே பாரு. காலையில சாப்பிட்டுதா, ராத்திரி தூங்குதா, பாத்ரூம் போக பயப்படுதா, யாராவது அடிக்கறாங்களா, வாசிக்கச் சொல்லி எழுப்புவாங்கன்னு பயமா. அம்மா அப்பாகிட்ட பேசு. டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். ரெண்டு மூணு வாரம் விடாம இருந்தா, இல்ல பிள்ளை ஒதுங்கி ஒதுங்கிப் போச்சுன்னா கவுன்சிலர்கிட்ட அனுப்பச் சொல்லி எழுத்துல கேளு. வாயால சொன்னா காத்துல போயிடும். மேனேஜ்மென்ட் முகம் கோணினா இனிகோவோட கதையைச் சொல்லு, அதாம்மா லொயோலா இஞ்ஞாசியார், இயேசு சபையை உண்டாக்கினவர். ஸ்பெயின்ல மன்ரேசாங்கற ஊர்ல இருந்தப்போ செஞ்ச பாவத்தையே திரும்பத் திரும்ப நினைச்சு நினைச்சு, உயிரை மாய்ச்சுக்கலாமாங்கற வரைக்கும் போனவர். ஜெபம் பண்ணாமயா இருந்தார்? ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் முழங்கால்ல நின்னார். ஒரு வாரம் சாப்பிடாம கிடந்தார், ஆன்ம குரு "முதல்ல சாப்பிடு"ன்னு கண்டிச்சுச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவரே பின்னாடி தன் கதையைச் சொல்றப்போ, ராத்திரி வானத்தையும் நட்சத்திரங்களையும் ரொம்ப நேரம் பாத்துட்டிருக்கறதுதான் தனக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கார்.

அதனால தோட்டத்தையும் தள்ளிடாத. 2009-ல வந்த ஒரு ஆராய்ச்சி, சின்னதுதான், கவனக்குறைபாடு இருக்கிற 17 பிள்ளைங்களை வச்சு பண்ணினது, பார்க்ல 20 நிமிஷம் நடந்துட்டு வந்தப்போ கடைத்தெருவுலயோ வீதியிலயோ நடந்துட்டு வந்ததை விட கவனம் நல்லா நின்னுச்சாம். மருந்துன்னு சொல்லிட முடியாது, ஆனா காசு செலவில்லாம 20 நிமிஷத்துல கிடைக்கிறதை ஏன் விடணும்.

நான் பண்ணினது இதுதான். மத்தியானம் கடைசி பத்து நிமிஷம் பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போயி ஆளுக்கு ஒரு இடம், வருஷம் பூரா அதே இடம், அவங்களே பிடிச்சுக்கணும், பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது. மூணே மூணு கேள்வி சொல்லுவேன், இன்னிக்கு எது நல்லா இருந்துச்சு, எது வலிச்சுது, நாளைக்கு என்ன வேணும். இஞ்ஞாசியாரோட ஆன்ம சோதனையைத்தான் சின்னதாக்கி வச்சிருக்கேன், வேற ஒண்ணும் புதுசில்ல. மனசுக்குள்ளயே சொல்லிக்கணும், சாமிகிட்ட சொல்லணும்னா சொல்லலாம், மரத்துகிட்ட சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். முதல் வருஷம் வட்டமா உக்கார வச்சு சத்தமா சொல்ல வச்சேன், அதுல ஒரு பொண்ணு வீட்டுல நடந்த ஒரு சண்டையை மொத்த கிளாஸ் முன்னாடி சொல்லிடுச்சு, மறுநாள் பிள்ளைங்க அதை வச்சு அவளைக் கிண்டல் பண்ணிச்சுங்க. என் தப்பு. அப்புறம் சத்தமா சொல்ற பழக்கத்தையே விட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு, இது முக்கியம். பிள்ளை உன்கிட்ட வந்து "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்"னு ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா, சத்தியம் பண்ணிக் குடுத்துடாத. "உன்னைக் காப்பாத்தணும்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரலாம்"னு சொல்லிட்டு மேற்கொண்டு கேளு. யாராவது பிள்ளையைத் தொந்தரவு பண்றாங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பானவங்ககிட்ட போயிடணும், அது ஃபாதரா இருந்தாலும் சரி, சிஸ்டரா இருந்தாலும் சரி, சொந்த மாமாவா இருந்தாலும் சரி. அந்த இடத்துல ஜெபம் சொல்லி அனுப்பறது பாவம்னே நான் சொல்லுவேன்.

கேள்வி: எங்க ஸ்கூல்ல மரமும் இல்ல மண்ணும் இல்ல, சிமென்ட் தரைதான். நாங்க என்ன பண்றது? - ஒரு தலைமை ஆசிரியை

பதில்: மேடம், வானம் இருக்குல்ல? சாக்பீஸ் எடுத்து காலையில ஒரு பிள்ளையோட நிழலைச் சுத்தி கோடு போடுங்க, மத்தியானம் அதே இடத்துல நிக்க வச்சு இன்னொரு கோடு, சாயங்காலம் இன்னொண்ணு. நிழல் ஏன் சுருங்குது, ஏன் திசை மாறுதுன்னு பிள்ளைங்க அடிச்சுக்கும் பாருங்க. சிமென்ட்டுல விரிசல் இருக்கும், அதுல கண்டிப்பா ஏதோ ஒண்ணு முளைச்சிருக்கும், கூட்டறவங்ககிட்ட அதைப் பிடுங்க வேண்டாம்னு சொல்லிட்டு வாரா வாரம் போய் பாருங்க. தொட்டியில கடுகு போடுங்க, கடுகு விதை உவமையை அப்புறம் சொல்லிக்கலாம், முதல்ல அந்த விதையைக் கையில வச்சு எவ்ளோ சின்னதுன்னு பாக்கட்டும், கையில வைச்சவுடனே ரெண்டு பேர் கீழ போட்டுட்டுத் தேடுவாங்க, அதுவே பாதி பாடம். தவக்காலத்துல சுத்துச்சுவர்ல பதினாலு இடத்துல பிள்ளைங்க வரைஞ்ச படத்தை மாட்டி நடந்துக்கிட்டே சிலுவைப்பாதை பண்ணுங்க, உக்கார வச்சா நெளியற பிள்ளைங்க நடந்தா நெளியாது.

ஒண்ணும் முடியலைன்னா சும்மா வெளிய விடுங்க. சீனாவுல குவாங்சோ நகரத்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு தினம் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டுப் பாத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு வெளிய போன பிள்ளைங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு கிட்டப்பார்வை வந்திருந்துச்சு, போகாத ஸ்கூல் பிள்ளைங்கள்ல சுமார் 40 சதவீதம். 2015-ல வெளிவந்த ஆராய்ச்சி. அங்க கூட்டினது வெளிய இருக்கற நேரத்தைத்தான், தோட்டம் அழகா இருந்துச்சாங்கறது இல்ல, வெளிச்சம்தான் காரணமா இருக்கும்னு நினைக்கறாங்க. சிமென்ட் தரையிலயும் வெளிச்சம் விழும்.

கேள்வி: பையனோட புதுநன்மை பூசையை, அதாவது முதல் தடவையா நற்கருணை வாங்கற பூசையை, ஸ்கூல் தோட்டத்துல வச்சா என்னன்னு பெற்றோர் எல்லாரும் ஆசைப்படறோம். கூடாதுன்னு சொல்றாங்களே?

பதில்: ஒரேயடியா கூடாதுன்னு இல்ல, ஆனா சபைச் சட்டம் பூசையை புனித இடத்துலதான் வைக்கணும், தேவை வந்தா மட்டும் தகுதியான வேற இடத்துல வைக்கலாம்னு சொல்லுது. ஃபோட்டோ நல்லா வரும்ங்கறது அந்தத் தேவையில சேராது. பங்கு சாமியாரைக் கேளுங்க, அவர் வேண்டாம்னா கோவிலுக்குள்ளயே வைங்க, முன்னாடி நாள் தோட்டத்துல பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் தியானம் வச்சுக்கலாம், பிள்ளைங்க வளர்த்த பூவைக் கொண்டு போய் பீடத்துல வைக்கலாம்.

கேள்வி: பத்து வயசுப் பையன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர மாட்டேங்கறான். ஸ்கூல்ல வெளிய கூட்டிட்டுப் போய் பழக்கினதுல இருந்து "சாமி மரத்துலதான் இருக்காரு, கோவில்ல போர் அடிக்குது"ங்கறான். எல்லாம் அந்தத் தோட்டத்தால வந்த வினை. - இன்னொரு அம்மா

பதில்: தோட்டம் இல்லாட்டியும் பத்து வயசுல போர் அடிக்கத்தாங்க செய்யும், நமக்கும் அடிச்சுது, சொல்றதுக்கு நமக்குத் தைரியம் இல்ல. சாமி மரத்துல இல்லன்னு அவன்கிட்ட வாதம் பண்ணாதீங்க, தோத்துப் போவீங்க. இப்படிச் சொல்லிப் பாருங்க. இயேசு விடியறதுக்கு முன்னாடி எழுந்து தனியா ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணார்னு மாற்கு 1:35-ல இருக்கு, அதே இயேசு வழக்கப்படி ஓய்வு நாள்ல தொழுகைக்கூடத்துக்குப் போனார்னு லூக்கா 4:16-ல இருக்கு. மரத்தடி நீ மட்டும் இருக்கற இடம். கோவில்ல பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டி ஒண்ணு பக்கத்துல இருக்கும், வேலை போன அண்ணன் ஒருத்தர் இருப்பார், பாடத் தெரியாம பாடற மாமா இருப்பார், அவங்களோட சேந்து நிக்கறதுக்குத்தான் போறோம். இதைச் சொல்லிட்டு, பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பி ரெண்டு பேரும் நடந்து போங்க. வழியில அவன் எங்க நின்னாலும் நீங்களும் நில்லுங்க. கோவில்ல நெளிஞ்சா கிள்ளாதீங்க. எனக்குத் தெரிஞ்சு கிள்ளி யாரும் பக்திமான் ஆனதில்ல.

கேள்வி: மிஸ், நாங்க தோட்டத்துல மண்புழு வளத்தோம். மழை விட்டு வெயில் வந்தப்போ ஒரு புழு வெளிய வந்து தரையில காஞ்சு செத்துப்போச்சு. நான் அதைப் புதைச்சு சிலுவை வச்சேன். புழுவுக்கு எல்லாம் மோட்சம் கிடையாது, அதுக்கு ஆன்மா இல்லைன்னு என் ஃபிரண்டு சொன்னான். நிஜமா? - மூணாங்கிளாஸ் பையன்

பதில்: கண்ணா, உன் ஃபிரண்டு பாதி சரியா சொல்லியிருக்கான். மனுஷ ஆன்மா மாதிரி சாகாத ஆன்மா மிருகங்களுக்கு இல்லைன்னு சபையில ரொம்ப காலமா படிச்ச பெரியவங்க சொல்லிட்டு வந்திருக்காங்க. ஆனா கதை அதோட முடியல. படைப்பு முழுசும் ஒரு நாள் விடுதலை ஆகும்னு புனித பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்துல, எட்டாவது அதிகாரத்துல இருக்கு, அவர் மனுஷங்க மட்டும்னு எழுதல. திருத்தந்தை பிரான்சிஸும் 2015-ல எழுதின மடல்ல, முடிவில்லாத வாழ்வுல ஒவ்வொரு உயிரும் ஒளியா மாறி தனக்கான இடத்துல இருக்கும்னு எழுதியிருக்காரு. உன் புழு எப்படி இருக்கும், எங்க இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அதை உண்டாக்கினவர் மறக்க மாட்டாருன்னு மட்டும் நான் நம்பறேன்.

உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். அசிசி பிரான்சிஸ் இருந்தாரே, அவர் நடந்து போறப்போ ரோட்டுல புழு கிடந்தா, யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு எடுத்து ஓரமா விடுவாராம். அவர் காலத்துலயே வாழ்ந்த, அவர் சபையைச் சேந்த சகோதரர் ஒருத்தர், செலானோ ஊர்க்காரர், இதை எழுதி வச்சிருக்காரு. அதனால நீ பண்ணினது விளையாட்டுன்னு யாராவது சிரிச்சா கண்டுக்காத.

மண்புழுவுக்கு நம்மளை மாதிரி மூக்கு, நுரையீரல் எல்லாம் கிடையாது, தோல் வழியாத்தான் மூச்சு விடும், தோல் ஈரமா இருந்தாத்தான் மூச்சு போகும். வெயில்ல காஞ்சா மூச்சு முட்டிடும். அதனால அடுத்த தடவை மழை விட்ட உடனே தரையில ஒரு சுத்து போய் பாரு. கிடந்தா, கையை நனைச்சுக்கிட்டு மெதுவா எடு, காஞ்ச கையால எடுத்தா அது தோல்ல இருக்கிற ஈரம் போயிடும், ஈர மண்ணு மேல விடு, அதுவே உள்ள போயிடும். எத்தனை எடுத்தேன்னு எனக்கு எழுது. எழுதறதுக்கு முன்னாடி கை கழுவு.